நாற்பத்திரண்டாவது வீடு

ஜன்னலை மூட வேண்டாம் அக்கா. பாலம் தாண்டிவிட்டோம், இனிமேல் உப்புக் காற்று இல்லை.

நான் சாதாரணமாக யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பாம்பனில் ரயில் ஏறியதிலிருந்து வாயை மூடாமல் வருகிறேன். நீங்கள் பரமக்குடியில் இறங்கிவிடுவீர்கள், நான் மதுரைக்குப் போகிறேன், இனி ஒருவரை ஒருவர் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் பேச்சு வருகிறது என்று நினைக்கிறேன்.

வேலையைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். நானாகத் தொலைக்கவில்லை. நாற்பத்தொரு வீட்டு ஜனங்கள் சேர்ந்து தொலைத்தார்கள். கேளுங்கள்.

கூனித்தீவு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இருக்காது. சர்க்காரே கேள்விப்பட்டதில்லை. கூனி தெரியுமில்லையா, பொடி இறால், கருவாட்டுக் கடையில் படியால் அளப்பார்களே, அது. பெயரிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் எவ்வளவு பெரிய ஊர் என்று. பாம்பனிலிருந்து பாய் விரித்தால் அரை நாள். நூற்றெண்பது பேர். ஒரு மாதா கோயில், அதில் கடல் விட்டால் மாதம் ஒருமுறை சாமியார் வந்து பூசை வைப்பார். ஓலை வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம். அதில் நான், சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவள்.

காலேஜில் மதர் கூப்பிட்டு, "இரண்டு வருஷம் போய்ச் சேவை செய்துவிட்டு வா" என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அது எப்போதும் வராது. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மேடையில் இரண்டு நிமிஷம் நின்று இறங்கினவள் நான். பேச வேண்டியது அத்தனையும் மனப்பாடம். உதடுதான் பிரியவில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் அது. ஜூன் மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். இத்தாலி தேசத்துக்கு நடுவில் மலைமேல் குட்டியாக ஒரு நாடு இருக்கிறது, சான் மரினோ என்று பெயர், சுற்றிலும் பெரிய நாடு இருந்தாலும் அது யாருக்கும் கீழே இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே தலைவர்கள் மாறுவார்கள் என்று சொன்னேன். நான் தங்கியிருந்த வீட்டு ரொசலியம்மாளின் மகள் தெக்கிலா எழுந்து, "எங்க ஊர்ல தினமும் மாறும் டீச்சர்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. "அந்த நாட்டுல ஊத்து யாருக்குச் சொந்தம் டீச்சர்?" என்று வேறு கேட்டாள். உட்கார் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. பாடம்தானே நடத்தினேன்?

மறுநாள் மடுத்தீன் வந்துவிட்டார் பள்ளிக்கூடத்து வாசலுக்கு. அறுபது வயது, ஊரில் சட்டை வைத்திருக்கும் மூன்று பேரில் ஒருவர். "டீச்சர், அந்த மலை நாட்டுல எத்தனை வீடு?" என்றார். தெரியாது என்றேன். "நாப்பத்தொண்ணுக்கு மேல இருக்குமோ?" இருக்கும் என்று தலையாட்டினேன். "எவ்வளவு இருந்தா நாடுன்னு ஏதும் கணக்கு உண்டா?" யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு கணக்கு எந்தப் புத்தகத்திலும் படித்ததாக ஞாபகமில்லை. இல்லை என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்று சாயந்திரமே பூவரசு மரத்தடியில் கூட்டம் போட்டுவிட்டார்.

அவர்களுடைய நியாயம் என்ன தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் சர்வே எடுக்க வந்தவன் படகிலேயே வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டானாம். தூரத்திலிருந்து பார்த்து, 'மணல் திட்டு, ஏற்றத்தில் மூழ்கும்' என்று படத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டானாம். அதனால் வரி கிடையாது, மணியக்காரர் கிடையாது. மடுத்தீனும் அவருடைய மச்சான் இஞ்ஞாசியும் மரத்தடியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வழக்காடுவார்கள். இஞ்ஞாசி கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், உலகம் தெரிந்தவர் என்று பெயர்.

"வெள்ளைக்காரன் நம்மளைப் பிடிச்சானா மச்சான்?"

"இல்லை."

"வரி வாங்குனானா?"

"நம்மகிட்ட என்ன இருக்கு வாங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. வாங்குனானா?"

"இல்லை."

"எடுக்காததை அவன் எப்படி இன்னொருத்தன் கையில குடுப்பான்?"

இஞ்ஞாசி தாடையைச் சொறிவார். "அது சரி மச்சான். ஆனா கரையோட சேர்ந்தா ஆஸ்பத்திரி வரும்."

"இம்புட்டு வருஷமா வரலையே."

"நம்ம இருக்கோம்னே அவனுக்குத் தெரியாது. எப்படி வருவான்?"

"செம்பரவலசை இருக்குன்னு தெரியும்ல? அங்க டாக்டர் இருக்கானா?"

செம்பரவலசை என்பது எதிர்க்கரையில் இருக்கிற கிராமம். அங்கே டாக்டர் கிடையாது. இஞ்ஞாசி அடுத்ததற்குத் தாவுவார். "சண்டைக்கு எவனாச்சும் வந்தா?"

"கார்த்திகையில வரச் சொல்லு. ஒரு பய கரை ஏறமாட்டான்."

கொடி வேண்டும் என்று ஒருவர் எழுந்தார். பழைய பாயில் கிழித்துக்கொள்ளலாம், நடுவில் ஒரு ஆமை போடலாம் என்றார்கள். ரொசலியம்மாள் மீனை அரிந்துகொண்டே, "மூணே நாள்ல உப்புக் காத்துல கிழிஞ்சு தொங்கும். தைக்கச் சொல்லி எங்கிட்டதான் வருவீக. கொடியும் வேணாம் ஆமையும் வேணாம், ஊத்தை மட்டும் காப்பாத்துங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை அக்கா. கிரேக்க நகர ராஜ்யங்களைப் பற்றிப் பரீட்சை எழுதினவள் நான். இவர்கள் கருவாட்டு நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜ்யம் பேசுகிறார்கள். ஆகஸ்ட் பதினைந்து வந்த செய்தியே அங்கே பதினேழாம் தேதிதான் வந்தது. "ரெண்டு நாளா விடுதலையா இருந்திருக்கோம், நமக்கே தெரியலையே" என்றார் இஞ்ஞாசி. "உனக்குத்தான் ரெண்டு நாளு" என்றார் மடுத்தீன். இதற்கு அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஊற்று என்று சொன்னேனே, அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. தீவுக்கு நடுவில் மணலில் ஒரு குழி. அதில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். சுற்றிலும் கடல், அடியிலும் கடல், நடுவில் மழைத் தண்ணீர் ஒரு பாய் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேலே இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு ஏறிவிடும். அதனால் தலைக்குப் பத்துச் சிரட்டை. ஊருக்கெல்லாம் ஒரே சிரட்டை, உள்ளே ஒரு கோடு கீறியிருக்கும், அதுவரைதான். தினம் ஒரு வீடு முறைபோட்டு விடியற்காலையில் போய் உட்கார்ந்து, எல்லோருடைய குடத்துக்கும் அளந்து ஊற்ற வேண்டும். அன்றைக்கு அவர்தான் ஊற்றுக்காரர்.

ஊரில் எந்தப் பேச்சு வந்தாலும் அன்றைய ஊற்றுக்காரர்தான் கடைசி வார்த்தை சொல்ல வேண்டும். காலையில் எல்லோருக்கும் சமமாக அளந்தவர் சாயந்திரம் ஒரு பக்கம் சாயமாட்டாராம். அவர் சொல்வதற்கு முன்னால் வேறு யாரும் முடிவு சொல்லக் கூடாது. இப்படிச் சொல் என்று அவரிடம் யாரும் கேட்கவும் கூடாது. கேட்டால் அந்த வீட்டுக்கு அன்று தண்ணீர் இல்லை. அவர் சொல்லாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்கு நகராது. எவ்வளவு அழகான அரசியல் சட்டம் பாருங்கள், ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கிவிட்டது!

நான் போன முதல் மாதமே என்னையும் நாற்பத்திரண்டாவது வீடு என்று சேர்த்துவிட்டார்கள். ஒற்றை ஆள், வாடகைக்கு ஒரு அறை, அது ஒரு வீடாம். என்னை ஏன் இந்த வேலைக்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஆயிரத்தெண்ணூறு சிரட்டை. அளந்து முடித்தால் அன்றைக்குக் கரும்பலகையில் கை எழுப்ப முடியாது. ஆனால் என் அளவில் ஒரு சொட்டு கூடக் குறைய இருக்காது. அவர்களே சொல்வார்கள், டீச்சர் கை தராசு என்று. சொல்லிவிட்டால் வேலை நடந்துவிடும் இல்லையா?

புரட்டாசியில் தாலுகா கச்சேரியிலிருந்து ஓலை வந்தது. கூனித்தீவைச் செம்பரவலசையோடு சேர்க்க உத்தேசம், தாசில்தார் நேரில் வந்து அபிப்பிராயம் கேட்பார் என்று. செம்பரவலசையில் கருவாட்டுக் கொட்டகைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படகுக்கெல்லாம் நல்ல தண்ணீர் வேண்டும். சேர்த்துவிட்டால் ஊற்று சர்க்கார் புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் பீப்பாயோடு வரலாம். மடுத்தீன் பதறிப்போனார். "நாடுன்னு பேர் வேணாம், ஒண்ணும் வேணாம். தனி ஊருன்னு எழுதிக்கட்டும். ஊத்து நம்ம முறையில இருக்கட்டும்" என்றார். இஞ்ஞாசியே அதற்குத் தலையாட்டிவிட்டார்.

தாசில்தார் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. இந்த மடுத்தீன் காற்றும் மழையுமாகக் கரைக்குப் போய், கச்சேரி வாசலில் ஒரு பகல் முழுக்க நின்று, வியாழக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தார். ஏன் வியாழன்? சட்டை துவைக்க நேரம் வேண்டியிருந்ததோ என்னவோ. வியாழனன்று என் முறை. எனக்குத்தான் விடியற்காலையிலிருந்து கை வலி.

அளந்து முடித்து வந்ததும் ரொசலியம்மாள் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்து ஒரு லோட்டாவில் கொடுத்தாள். "தொண்டைக்கு நல்லது டீச்சர்" என்றாள். கை வலிக்கிறவளுக்குத் தொண்டைக்கு மருந்து. அவள் புத்தி அப்படி.

தாசில்தாரை இரண்டு பேர் தோளில் உட்கார்த்திப் படகிலிருந்து இறக்கினார்கள், பூட்ஸ் நனையாமல். பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஒரே நாற்காலியைப் பூவரசு மரத்தடியில் போட்டார்கள். ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் கடைசியில் நான். தாசில்தார் காகிதத்தைப் படித்துவிட்டு, "சேர்க்கிறதுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார்.

ஒருவரும் பேசவில்லை.

மூன்று மாதம் கத்தினவர்கள் அக்கா! வெள்ளைக்காரன் எடுக்கவில்லை, எப்படிக் கொடுப்பான் என்று மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறக்கும்படி கத்தினவர்கள். ஒரு குடையும் ஒரு பூட்ஸும் வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. மடுத்தீன் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? நூற்றெண்பது தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுதானே கோழை குணம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மணலைப் பார்த்தேன். சின்ன நண்டு ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் குழி பறித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன். அந்த வழக்கமெல்லாம் வலைச் சண்டைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் சரி, சர்க்கார் அதிகாரி முன்னால் ஒரு வெளியூர்ப் பெண் எழுந்து நின்று பேசுவதா? யாராவது பேசுவார்கள் என்றுதானே நினைப்போம்?

"என்னய்யா இது, ஊமைத் தீவா?" என்றார் தாசில்தார். அவருடைய பியூன் சிரித்தான். "ஆட்சேபணை இல்லைன்னு போட்டுக்கோ" என்றார். எழுந்திருக்கும்போது, "பதினஞ்சு நாளைக்குள்ள எழுத்து மூலமா ஏதாவது வந்தா பார்க்கலாம். எழுதத் தெரிஞ்சவங்க இங்க உண்டா?" என்று கேட்டார். அப்போதும் என்னைத்தான் பார்த்தார்கள். மானம் கெட்டவர்கள்.

மறுநாள் விடியுமுன் ரொசலியம்மாள் வந்து எழுப்பினாள். "டீச்சர், சனம் குடத்தோட நிக்குது."

"இன்று இஞ்ஞாசி வீட்டு முறை அல்லவா?"

"இல்லை டீச்சர். உங்க முறைதான் இன்னும் ஓடுது."

பதினைந்து நாள். ஒருநாள் விடாமல் பதினைந்து நாள் நானே அளந்தேன். என்ன சாமர்த்தியம் பார்த்தீர்களா? நாற்பத்தொரு வீடும் காலை நீட்டித் தூங்குகிறது, படித்தவள் தண்ணீர் இறைக்கிறாள். வரிசையில் வந்து குடத்தை வைப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. தெக்கிலாகூட என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். கோபமாம். எதற்குக் கோபம்?

நானா சும்மா இருந்தேன்? அந்தப் பதினைந்து நாளில் மத்தியான நேரத்தில், பிள்ளைகள் கஞ்சி குடிக்கப் போகும்போது, எழுதினேன். ஆறு பக்கம், இங்கிலீஷில். இந்தத் தீவு எப்போதும் யாருடைய ஆட்சியிலும் பதிவானதில்லை, இல்லாத ஒன்றைக் கைமாற்ற முடியாது, சுதந்திரம் என்பது பெரிய இடத்துக்கு மட்டும் உரியது என்றால் அதற்கு எத்தனை வீடு என்று அளவு எங்கே எழுதியிருக்கிறது, ஊற்று தாங்கும் தண்ணீரின் அளவு இவ்வளவு, அதை அறிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். அப்படியே வந்து விழுந்தது அக்கா. மடுத்தீன் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், நம்பர் போட்டு. என் புரொபசர் பார்த்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்.

பதினைந்தாம் நாள் கரைக்குப் போகிற கடைசிப் படகு. அதற்கப்புறம் கடல் அடைத்துவிடும். மடுத்தீன் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார், அதே சட்டை. கையில் மடிக்காத ஒரு வெள்ளைத் தாள், எங்கேயோ இரவல் வாங்கிய பேனா. பிள்ளைகளின் பெஞ்சை இழுத்துப் போட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை மேஜைமேல் வைத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டார். நான் ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன். பிறகு எட்டாம் வாய்ப்பாடு நடத்தினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முழங்கை ஊன்றியிருந்த பலகைக்கு நேர் கீழே, டிராயருக்குள்ளேதான் என் ஆறு பக்கமும் இருந்தன. டீச்சர், ஏதாவது எழுதினீர்களா என்று ஒரு வார்த்தை. வாய்விட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேனா? கேட்கக் கூடாதாம், வழக்கமாம். ஊரே மூழ்கப் போகிறது, வழக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் கிழவர்.

துறையில் பாய் ஏற்றுகிற சத்தம் கேட்டது. எழுந்தார். தாளை எடுக்கவில்லை. "வரட்டுமா டீச்சர்" என்றார். போனார்.

அடுத்த தையில் பீப்பாய்கள் வந்தன, அதுவரை என் முறையேதான் ஓடியது. ஊற்றைச் சுற்றி சிமெண்டுச் சுவர் கட்டினார்கள், கதவு வைத்துப் பூட்டினார்கள், சாவி செம்பரவலசைத் தலையாரியிடம். பக்கத்திலேயே ஆழமாகத் தோண்டி, நாள் முழுக்க இறைத்தார்கள். ஆடியில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. ரொசலியம்மாள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு மணலில் துப்பினாள், பிறகு துப்பிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இஞ்ஞாசி வீடு முதலில் போனது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று, இரண்டு. மடுத்தீன் இப்போது செம்பரவலசையில் கருவாட்டுக் கொட்டகைக்குக் காவல் இருக்கிறார் என்றார்கள். இந்த மாதம் பள்ளிக்கூடத்தில் ஐந்து பிள்ளைகள். ஐந்து பிள்ளைக்கு ஒரு டீச்சரா என்று சாமியார் கேட்டார், மூடிவிட்டார்கள். போயிற்று என் வேலை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் ஒருவன் திறக்கவில்லை, தண்டனை எனக்கு.

இதுவா? இதைத்தான் அப்போதிலிருந்து பார்க்கிறீர்களா? ஆமாம், அந்தச் சிரட்டைதான். புறப்படும்போது ரொசலியம்மாள் என் பையில் போட்டாள். "இனிமே இங்க எதை அளக்க? உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். உங்க முறை இன்னும் முடியலைல்ல" என்றாள். போகிற நேரத்தில் ஒரு குத்தல். அழுதாள் வேறு. அவர்கள் எதற்கு அழுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவேயில்லை.

என்ன கேட்டீர்கள்?

நானா? நான் என்ன சொல்லியிருப்பேன் என்றா?

தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். வேறென்ன சொல்ல முடியும்? அவர்கள் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது? ஊற்று அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். ஆட்சேபணை உண்டு.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ? அந்த மூலையில் இருக்கிற அம்மா திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆறு பக்கமா? பெட்டியில்தான் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது? அக்கா, நீங்களுமா? நான் ஏன் கொடுக்கவில்லை என்று என்னையே கேட்கிறீர்களே. ஒருவரும் கேட்கவில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேனே.

பரமக்குடி வருகிறது போலிருக்கிறது. உங்கள் கூஜாவில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. லோட்டா எதற்கு, இதிலேயே ஊற்றுங்கள்.

போதும், போதும் அக்கா. கோட்டைத் தாண்டுகிறது.